தகுதி: இங்கே

நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பதினொரு மணிக்கு ஒரு மின்னஞ்சல் போகும். துணைவேந்தரிலிருந்து நேற்று சேர்ந்த மாணவர் வரைக்கும் எல்லாருக்கும் போகும். வளாகச் செய்திகள், நிகழ்ச்சிகள், வாய்ப்புகள் என்று அதில் மூன்று பகுதிகள். யாருக்கு விருது கிடைத்தது, எந்த அரங்கில் எந்தக் கருத்தரங்கு, எந்தப் பயிற்சிக்கு எப்போது கடைசி நாள் என்பதையெல்லாம் தொகுத்து அனுப்புவது என் வேலை. வேலூரிலிருந்து வந்து பொம்மனஹள்ளியில் வீடு பிடித்து அந்த வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. என் கன்னடம் பஸ் கண்டக்டரோடு பேசும் அளவுக்கு மட்டும் தேறியிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை, வாய்ப்புகள் பகுதியில் நாலாவதாக ஒரு ஜெர்மனிப் பயிற்சி அறிவிப்பு இருந்தது. பத்தே முக்காலுக்கு அயல்நாட்டுத் தொடர்பு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "அதை எடுத்துடுங்க, ஜெர்மனிக்காரங்க பதிலே போடல" என்றார்கள். எடுத்தேன். எடுத்த இடத்தில், படிவத்தில் முன்கூட்டியே அச்சிட்டிருக்கும் மாதிரி வரிகள் தானாக வந்து உட்கார்ந்துகொண்டன. நான் கவனிக்கவில்லை. பதினொரு மணிக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. நாலாவது அறிவிப்பு ஆங்கிலத்தில் இப்படி இருந்தது: "வாய்ப்பின் பெயர் இங்கே. தகுதி: இங்கே. இரண்டு வரியில் விளக்கம். கடைசி நாள்: வெள்ளிக்கிழமை." கீழே விண்ணப்பம் அனுப்ப வேண்டிய முகவரியாக என் அலுவலக முகவரி.

உடனே ஒரு திருத்தம் எழுதினேன். ஆனால் எங்கள் இடத்தில் அறிவிப்பை நானே அனுப்பலாம். திருத்தத்துக்கு மட்டும் பதிவாளர் ஒப்புதல் வேண்டும். பதிவாளர் கூட்டத்தில் இருந்தார். அவர் வெளியே வருவதற்குள் என் பெட்டியில் மூன்று விண்ணப்பங்கள் விழுந்துவிட்டன.

முதலாவது பொருளாதாரத் துறை உதவிப் பேராசிரியர் ஒருவருடையது. "இந்த வாய்ப்பு என் பத்தாண்டு கால ஆய்வுக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது" என்று எழுதி, நாற்பது பக்கத்துக்குத் தன் சாதனைகளை இணைத்திருந்தார். இரண்டாவதில் ஒரு மாணவன், விடுதியில் இருப்பவர்களுக்கும் இது உண்டா என்று கேட்டிருந்தான். மூன்றாவது வெறும் புகைப்படம்.

பதிவாளர் கன்னடக்காரர். சின்ன வயதில் அடுகோடியில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகவே பேசுவார். நடுநடுவே கன்னடம் எட்டிப் பார்க்கும். நான் நடந்ததைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எத்தனை பேர் அப்ளை பண்ணிட்டாங்க?"

"இப்ப வரைக்கும் மூணு பேர் சார். வாபஸ் வாங்கிடலாம்."

"நோடி, பாருங்க மேடம். அப்ளிகேஷன் வர்றதுக்கு முன்னாடி வாபஸ் வாங்கினா அது திருத்தம். வந்த அப்புறம் வாங்கினா அது ரத்து. ரத்துக்கு காரணம் எழுதணும். காரணம் எழுதினா ஒருத்தர் கேள்வி கேப்பார். முன்னாடி ஒரு போஸ்ட்ட ரத்து பண்ணோம், அந்த கேஸ் இன்னும் கோர்ட்ல ஓடுது."

"ஆனா சார், அப்படி ஒரு வாய்ப்பே இல்லையே."

"அது நமக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே. வெள்ளிக்கிழமை வரைக்கும் விடுங்க. யாருக்கும் தகுதி இல்லன்னு ஒரு நோட் போட்டு முடிச்சிடலாம்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. இப்போது நினைத்தால்தான் எப்படி நியாயமாகப் பட்டது என்று புரியவில்லை.

மறுநாள் காலை பிரதானக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகை முன்னால் சின்னக் கூட்டம். எங்கள் மின்னஞ்சல் முழுவதையும் கன்னடத்தில் மொழிபெயர்த்துப் பலகையில் ஒட்டுவது வழக்கம். மொழிபெயர்ப்புப் பிரிவில் இருப்பவர் கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் மொழிபெயர்ப்பவர். காவலாளி ஒருவர் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்: "அர்ஹதெ: இல்லி."

என் காதில் அது "அருகதை இல்லை" என்று விழுந்தது. அப்பாடா, பதிவாளர் இரவோடிரவாக யோசித்து மாற்றிவிட்டார் என்று நிம்மதியாக என் இடத்துக்குப் போய்விட்டேன். கன்னடத்தில் "இல்லி" என்றால் "இங்கே" என்பது எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

மதியம் துப்புரவுப் பிரிவின் மேற்பார்வையாளர் என் மேசைக்கு வந்தார். நீலசந்திராவில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் படித்தது கன்னடம். வளாகத்தில் எல்லாரும் அவரை அக்கா என்றே கூப்பிடுவோம். கையில் ஒரு வெள்ளைத்தாளை மடித்து வைத்திருந்தார்.

"மேடம், போர்டுல போட்டிருக்கீங்களே, அதுக்கு எழுதியாந்திருக்கேன்."

"அக்கா, அது வந்து... அதுக்குத் தகுதி இல்லன்னு போட்டிருக்காங்க."

"இல்லன்னு எங்க போட்டிருக்கு? இல்லின்னு போட்டிருக்கு. தகுதி, இங்க. நான் இங்கதானே இருக்கேன்? பத்தொம்பது வருசமா இங்கதான் இருக்கேன். என்னவிட யாரு மேடம் இங்க இருக்கா?"

தாளை வாங்கி முத்திரை குத்தினேன்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் விண்ணப்பங்கள் ஒரு கோப்பில் அடங்காமல் இரண்டு கோப்புகள் ஆகிவிட்டன. ஒரு துறைத் தலைவர் தன் துறைக்கு இதில் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று தனியாகக் கடிதம் எழுதியிருந்தார். பதிவாளர் கோப்பின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். யாருக்கும் தகுதி இல்லை என்று எழுதும் துணிச்சல் அவருக்குப் போய்விட்டது.

"கமிட்டி போட்டுடலாம்" என்றார்.

குழுவில் பதிவாளரும் சட்டத் துறைப் பேராசிரியை ஒருவரும். குறிப்பெடுக்க நான். பேராசிரியை கண்டிப்பானவர். மதிப்பெண் தாளை அவரே தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். அதில் "வாய்ப்புக்கான பொருத்தம்: பத்துக்கு" என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன வாய்ப்பு என்று அவர் கேட்கவில்லை. பதிவாளருக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

நேர்காணலில் முதலில் பொருளாதாரக்காரர் வந்தார். கோட்டு போட்டிருந்தார். இந்த வாய்ப்பு உலக அரங்கில் நம் நிறுவனத்தை எங்கே கொண்டுபோகும் என்று கால்மணி நேரம் பேசினார். பேராசிரியை பொருத்தத்துக்கு எட்டு போட்டார். அடுத்து வேதியியலில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண். இந்த வாய்ப்பு கிடைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டதும் குரல் தழுதழுத்தது.

"என் வழிகாட்டி என் மூணாவது அத்தியாயத்தைப் படிக்கணும் சார். கொடுத்து ஒன்றரை வருஷம் ஆச்சு."

பதிவாளர் தலையைக் குனிந்துகொண்டார். "அது நம்ம கையில இல்லம்மா" என்றார்.

கடைசியாக அக்கா வந்தார். சீருடையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பேராசிரியை வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இந்த வாய்ப்பை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "இன்னா வாய்ப்புன்னு சொல்லுங்கோ மேடம். அப்புறம் இன்னா பண்றதுன்னு சொல்றேன்."

இரண்டு நாளாக வந்துபோன அத்தனை பேரில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பேராசிரியை பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

"அது..." என்று பதிவாளர் தொண்டையைக் கனைத்தார். "அது நீங்க சொல்றதப் பொறுத்து. உங்களுக்கு என்ன வேணும்?"

"லிஃப்டுல போவணும் சார்."

"எந்த லிஃப்ட்?"

"நம்ம மெயின் பிளாக் லிஃப்டுதான். ஆறு மாடி. பக்கெட்டும் மாப்பும் தூக்கினு படியில ஏறுறோம். ஆசிரியருக்கும் கெஸ்ட்டுக்கும் மட்டும்னு போர்டு போட்டிருக்கு. அந்த லிஃப்ட தினம் தொடைக்கிறது நான்தான். வாட்ச்மேன் தெறந்துவுடுவாரு, உள்ள நின்னு தொடைப்பேன். போர்டையும் தொடைப்பேன். அப்புறம் வெளிய வந்து படியில ஏறுவேன்."

அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். பேராசிரியை பேனாவை மூடி வைத்துவிட்டார். அக்கா வெளியே போன பிறகு பதிவாளரிடம், "இவங்க ஒருத்தர் கேட்டதுதான் நம்மால கொடுக்க முடியறது" என்றார். பொருத்தத்துக்குப் பத்து போட்டார்.

ஆணையை நான்தான் தட்டச்சு செய்தேன். "தாங்கள் 'வாய்ப்பின் பெயர் இங்கே' என்னும் வாய்ப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள். சலுகைகள் பொருந்தும் வகையில்." பதிவாளர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த லிஃப்ட் அட்டை தேய்த்தால்தான் திறக்கும். அக்கா ஆணையை எடுத்துக்கொண்டு கணினிப் பிரிவுக்குப் போனார். அங்கிருந்தவர் அட்டை எந்த வகை என்று கேட்டிருக்கிறார். ஆசிரியர், ஊழியர், மாணவர், விருந்தினர் என நான்கு வகைதான் உண்டு. ஆணையில் "பொருந்தும் வகையில்" என்று மட்டும் இருந்ததால் அவர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டார். வகை காலியாக இருக்கும் அட்டைக்கு எங்கள் இயந்திரம் எல்லாக் கதவையும் திறந்துவிடும் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. துணைவேந்தர் அறை, தேர்வுத்தாள் அறை, கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டி என்று அக்காவுக்குத் திறக்காத கதவே இல்லை. அவர் திறந்தது லிஃப்டை மட்டும்தான்.

ஆனால் தனியாகப் போகவில்லை. காலை ஏழரைக்குத் தன் குழுவில் இருந்த பதினொரு பேரையும் பக்கெட்டோடு ஏற்றிக்கொண்டு போவார். இரண்டே வாரத்தில் பேராசிரியர்கள் புகார் கொடுத்தார்கள். லிஃப்டில் பினாயில் வாசனை, தரை ஈரம், நிற்க இடமில்லை. கோட்டு போட்டுக்கொண்டு வந்த பொருளாதாரக்காரர்தான் முதல் கையெழுத்து.

பதிவாளர் என்னைக் கூப்பிட்டார். "நிபந்தனைய மீறிட்டாங்கன்னு ஒரு நோட்டீஸ் ரெடி பண்ணுங்க மேடம்."

"என்ன நிபந்தனை சார்?"

ஆணையை எடுத்துப் பார்த்தார். அறிவிப்பையும் எடுத்துப் பார்த்தார். அதில் நிபந்தனை என்று சொல்லக்கூடியது "இரண்டு வரியில் விளக்கம்" ஒன்றுதான்.

"நிபந்தனையே இல்லன்னா மீற முடியாதுல்ல?" என்றார் கவலையாக.

"முடியாது சார்."

அந்தச் சமயம் பார்த்துத் தர மதிப்பீட்டுக் குழு வந்து சேர்ந்தது. வெளியூரிலிருந்து வந்த மூன்று பெரியவர்கள். அவர்களை ஆறாவது மாடிக்கு அழைத்துப் போகப் பதிவாளரும் நானும் லிஃப்டைத் திறந்தால், உள்ளே அக்காவும் குழுவினரும் மாப்புகளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அக்கா சிரித்துக்கொண்டே, "பன்னி சார், பன்னி, ஜாக இதே" என்று கன்னடத்தில் வரவேற்று, ஆட்களை ஒருபக்கமாக ஒதுக்கினார். தமிழ்க் காதுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று மதிப்பீட்டாளர்களில் இருந்த மதுரைக்காரரின் முகத்தில் தெரிந்தது. வாருங்கள் என்று அர்த்தம், இடம் இருக்கிறது என்கிறார் என்று நான் அவசரமாக விளக்கினேன்.

ஆறு மாடிக்கும் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். நாலாவது மாடியில் அந்த மதுரைக்காரர், இது என்ன ஏற்பாடு என்று கேட்டார். பதிவாளர் ஒரு கணம்தான் தயங்கினார்.

"இது எங்க திட்டம் சார். ஆசிரியர், ஊழியர், மாணவர் எல்லாருக்கும் பொது. வாய்ப்ப நாங்க சொல்றதில்ல. விண்ணப்பிக்கிறவங்களே சொல்லுவாங்க."

அறிக்கையில் அது "புதுமையான முயற்சி" என்று வந்தது. அதன் பிறகு திட்டத்தை நிறுத்த யாராலும் முடியவில்லை. லிஃப்ட் வாசலில் இருந்த பலகையையும் கழற்றிவிட்டார்கள். பொருளாதாரக்காரர் தன் சாதனைப் பட்டியலில் இந்த வாய்ப்புக்கு இறுதிச் சுற்று வரை போனதாக ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

மறு வருடம் அறிவிப்பைத் தயார் செய்யும்போது பெயரையாவது திருத்தட்டுமா என்று கேட்டேன். "ஒரு எழுத்தும் மாத்தக் கூடாது. ரிப்போர்ட்ல அந்தப் பேர்தான் இருக்கு" என்றார் பதிவாளர். முந்தைய பயனாளி என்ற முறையில் அக்கா குழுவில் மூன்றாவது உறுப்பினரானார்.

அந்த முறை நானும் விண்ணப்பித்தேன். என் மேசை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாள் முழுக்க அதன் சூடு முழங்கையில் அடிக்கும். ஜன்னல் ஓரம் ஓர் இடம் கேட்டேன். நேர்காணலில் அக்கா என் கட்சியில்தான் பேசினார். "பாவம் சார், அந்தப் பக்கம் பெருக்குறப்ப எனக்கே வேர்க்குது" என்றார். இருந்தும் வாய்ப்பு அந்த வேதியியல் பெண்ணுக்குப் போயிற்று. அவளுடைய வழிகாட்டிக்கு ஆணை போனது. அவர் ஒரே வாரத்தில் மூன்றாவது அத்தியாயத்தைப் படித்து முடித்து, முதலிலிருந்து திரும்ப எழுதச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னாள்.

தேர்வாகாதவர்களுக்கு வருத்தக் கடிதம் எழுதுவது என் வேலை. எல்லாருக்கும் எழுதிவிட்டுக் கடைசியாக எனக்கும் ஒன்று எழுதினேன். "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இம்முறை தங்களைத் தேர்ந்தெடுக்க இயலாமைக்கு வருந்துகிறோம்." முதல் வரைவு கொஞ்சம் கடுமையாகப் பட்டதால், "மிகவும்" என்று ஒரு சொல் சேர்த்தேன். பதிவாளர் மற்ற கடிதங்களோடு சேர்த்து அதிலும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். கடிதம் கிடைத்ததற்கு அத்தாட்சியாகக் கீழே நான் கையெழுத்திட்டு, பக்கத்திலேயே இருந்த மெஷினில் ஒரு நகல் எடுத்தேன். நகல் கோப்புக்குப் போயிற்று. அசலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஓசூர் சாலையில் பஸ்ஸுக்கு நின்றபோது, உண்மையாகவே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.