கதவில் ஒட்டிய அம்மா

இந்த ஊரில் செத்தவர்கள் கதவில் இருக்கிறார்கள். என் தெருவில் பாதி வீட்டு வாசலிலும், பஸ் நிற்கும் இடத்து மரத்திலும் ஒரு தாள், அதில் ஒரு முகம், கீழே சில வரிகள். வந்த புதிதில் பயந்துபோய், எனக்கு வீடு வாடகைக்கு விட்ட ஸ்டாங்காவிடம் போனில் மொழிபெயர்த்துக் கேட்டேன். "ஊரில் ஏதாவது நோயா?" அவள் சிரித்துவிட்டாள். எல்லாம் பழைய சாவுகள். நாற்பதாம் நாள், ஆறு மாதம், வருஷம் என்று திரும்பத் திரும்பப் புதுத்தாள் ஒட்டுவார்களாம். ஒட்டுகிறவர்களின் பெயர் அடியில் இருக்கும்.

பல்கேரியாவின் வடக்கு ஓரம் இது. ஆற்றங்கரையில் ஒரு சின்ன டவுன், மேட்டில் சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே சில கிராமங்கள், எல்லாம் சேர்ந்து ஒரு நகராட்சி. இளவட்டங்கள் ஜெர்மனிக்குப் போய்விட, கிராமங்களில் பூட்டிய வீடுகளே அதிகம். அவர்கள் விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தில் நான் கொடி வெட்டுகிறேன். எங்கள் தொட்டியத்தில் காவிரிக்கு அக்கரையிலும் சொந்தக்காரர்கள்தான். இங்கே டான்யூப் ஆற்றுக்கு அக்கரை ருமேனியா. போக பாஸ்போர்ட் வேண்டும்.

அம்மா போன வருஷம் ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டில் இறந்தாள். காவிரிக்கரை அம்மா மண்டபப் படித்துறையில் சாம்பலைக் கரைத்த பிறகுதான் அண்ணன் போன் செய்தான். "நீ வந்து சேர முடியாதுடா, அதான் சொல்லல." அதைக்கூடப் பொறுத்திருப்பேன். மலைக்கோட்டையில் ஜவுளிக்கடையில் நிற்கும் என் கூட்டாளி, சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படம் பிடித்து அனுப்பினான். அண்ணன், அண்ணி, பிள்ளைகள், சம்பந்தி வீட்டார் வரை எல்லார் பெயரும் இருந்தது. என் பெயர் இல்லை.

கேட்டேன். "வராதவன் பேரு எதுக்குடா? நாலு பேரு பாக்குற இடம்" என்றான் அண்ணன். எனக்குச் சட்டென்று பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், வாய் செத்தவன். போனை வைத்துவிட்டேன். பனிக்காலம் முழுக்கக் கொடி வெட்டும்போது 'வராதவன்' என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

வருஷம் திரும்பியது. ஸ்டாங்காவிடம் அம்மா படத்தைக் கொடுத்து, தாள் அச்சடிக்க வேண்டும் என்றேன். யார் யார் பெயர் போடுவது என்பதற்காக, "பிராத்யா?" என்றாள். சகோதரர்கள் உண்டா என்று அர்த்தம்.

"நே" என்றேன். இல்லை.

பாவம், தனிப்பிள்ளை என்று என் தோளைத் தட்டினாள். அந்தப் பொய் எனக்கு இனித்தது. கதவில் ஒட்டி, படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பி, கீழே இருப்பது என் பெயர் மட்டும்தான் என்றும் எழுதினேன்.

உடனே கூப்பிட்டான். "எம் பேரு எங்கடா?"

"வராதவங்க பேரு எதுக்குண்ணே?"

"கொள்ளி வச்சது நான்டா."

"இருக்கட்டும். நாலு பேரு பாக்குற இடம்ணே."

அவன் குரல் இறங்கி வந்தது. "அம்மாவ வச்சு இப்படிச் செய்யாதடா. கிழிச்சுடு."

"ஆறு மாசத்துக்கு ஒருதரம் புதுசா ஒட்டணுமாம்ணே. ஒட்டுவேன்."

சமயபுரத்தைத் தாண்டிப் போகாத அம்மா இப்போது இந்த ஊர்க்காரி. தெருவில் போகிறவர்கள் நின்று படித்துச் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். அவள் சாம்பல் காவிரியோடு போய்விட்டது. முகம் என் கதவிலிருந்து ருமேனியாவைப் பார்க்கிறது. மழையில் நிறம் போனால் மாற்ற, கட்டிலுக்கடியில் இன்னும் நிறையத் தாள் வைத்திருக்கிறேன்.