படுத்தாரா, நின்றாரா?

எனக்குக் கொஞ்சம் வாய்க்கொழுப்பு உண்டு. ஆந்திராவில், சித்தூரில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு சோஷியல் எடுக்கிறேன். ஐரோப்பிய மறுமலர்ச்சியில் என்னை மடக்க ஆளே கிடையாது என்று ஸ்டாஃப் ரூமில் பீற்றிக்கொள்வேன். அச்சு இயந்திரம் எந்த நாட்டில் வந்தது, மறுமலர்ச்சி எந்த நகரத்தில் தொடங்கியது, எல்லாம் நுனிநாக்கில். இந்த மாதிரி ஒரு வரிக் கேள்விகளுக்கு எங்கள் ஊரில் 'பிட்டுகள்' என்று பெயர். பிட்டுகளைத் திரட்டிய புத்தகம் பிட் பேங்க். அதை உருப்போடாமல் இங்கே ஒரு பிள்ளையும் பரீட்சை எழுதாது.

போன வருடம் பள்ளியில் வினாடி வினா வைத்தார்கள். ஜெயிக்கிற ஒருவர் திருப்பதியில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குப் போகலாம். என் மகளும் அதே ஏழாம் வகுப்பு. திருப்பதிக்குப் போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நானும் பிட் பேங்கைப் பார்த்து ஒரு நோட்டு நிறைய எழுதிக் கொடுத்தேன். தோசை வார்த்துக்கொண்டே கேள்வி கேட்பேன்.

போட்டியன்று கேள்வி வாசிக்க வேண்டியவர் லீவு. வேலை என் தலையில் விழுந்தது. கேள்விகளை ஹெட்மாஸ்டரே எடுத்து உறையில் போட்டு ஒட்டியிருந்ததால் எனக்கு உறுத்தவில்லை.

கடைசியில் இருவர் சமமாக நின்றார்கள். ஒருத்தி என் மகள். இன்னொருத்தி தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண். கடைசி உறையைப் பிரித்தேன்.

"ரோம் நகரத் தேவாலயத்தின் புகழ்பெற்ற கூரை ஓவியத்தை, ஓவியர் சாரத்தில் மல்லாந்து படுத்தபடியே வரைந்தார். சரியா, தவறா?"

என் மகள்தான் முதலில் கை தூக்கினாள். "சரி" என்றாள். உறையிலிருந்த விடைச் சீட்டிலும் அதே. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"தப்பு மேடம்," என்று எழுந்தாள் அந்தப் பெண். "எங்க நைனா கோயில் மண்டபத்துக்கு பெயிண்ட் அடிக்கிறாரு. படுத்துக்கினு அடிச்சா கண்ணுலதான் வுழும். நின்னுக்கினுதான் அடிப்பாரு. சாயந்திரம் கழுத்து எறங்காது, அண்ணாந்துக்கினே சோறு துன்னுவாரு."

ஹாலே சிரித்தது. "உட்காரும்மா!" என்று சீறினேன். அவள் உட்காரவில்லை.

"புக்லோ ஏமுந்தோ அதே ஆன்சர் மேடம்," என்றார் ஹெட்மாஸ்டர். புத்தகத்தில் இருப்பதுதான் விடை, விஷயம் முடிந்தது.

எனக்குத்தான் முடியவில்லை. அண்ணாந்துகொண்டே சாப்பிடும் அந்த மனிதர் கண்ணைவிட்டுப் போகவில்லை. அங்கேயே போனை எடுத்துத் தேடினேன். அந்த ஓவியரே தன்னைக் கிறுக்கி வைத்த குட்டிப் படம் வந்தது. நின்றுகொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கையை மேலே நீட்டியிருக்கிறார்.

படத்தை ஹெட்மாஸ்டரிடம் காட்டிவிட்டு, திருப்பதிக்குப் போவது அந்தப் பெண்தான் என்று நானே மைக்கில் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள், என் மகளும்தான். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

சாயந்திரம் மகள் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா மேல கோவமாடி?"

"கோவமெல்லாம் இல்லம்மா. பொங்கலுக்கு நம்ம வூட்டுக்கு சுண்ணாம்பு அடிச்சப்ப நான்தான ஏணிய புடிச்சிக்கினு இருந்தேன்? எனக்கும் நின்னுக்கினுதான்னு தெரியும். நீ நோட்டுல படுத்துக்கினுன்னு எழுதியிருந்த. நீ எழுதினா தப்பா இருக்காதுன்னு சொல்லிட்டேன்."