ஒரு சாண் நூலில் மக்ரோனி

எங்கள் ஜெயிலுக்குள் எதையெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பார்வை நாட்களில் சோதனை வாசலில் நின்று, பெண்களையும் பிள்ளைகளையும் தடவிப் பார்த்து உள்ளே அனுப்புவதுதான் என் வேலை. கத்தரிக்கோல் ஆகாது, பென்சில் ஆகாது, ஊசி ஆகாது, ஒரு சாணுக்கு மேல் நூல் ஆகாது. இத்தனை ஆகாதும் போக மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டு, காத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடு என்றால் எவளால் முடியும்? மக்ரோனி அக்காவால் முடிந்தது.

அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். காத்திருக்கும் கூடத்தின் மூலையில் கால் குட்டையான ஒரு மேசை, சுற்றிச் சில பிளாஸ்டிக் நாற்காலிகள். அவள் ராஜ்ஜியம் அவ்வளவுதான். தேதி முடிந்த மக்ரோனி பாக்கெட்டுகளை ஒரு மொத்தக்கடைக்காரர் சும்மா கொடுப்பார். அக்கா அதை வீட்டுக்கு எடுத்துப்போய் வண்டு பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு, கொஞ்சம் வினிகரும் சமையல் கலரும் ஊற்றிக் குலுக்கி, கட்டிலில் செய்தித்தாள் விரித்துக் காயப்போடுவாள்.

"அப்புறம் நீ எங்க படுப்பே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தரையிலதான். எனக்கென்ன, கூடப் படுக்க ஆளா இருக்கு?" என்றாள். அவள் வாய் அப்படி.

குழல், சுருள், சங்கு, பட்டாம்பூச்சி என்று வகை பிரித்து டப்பாக்களில் கொண்டுவருவாள். ஒரு சாண் நூலில் மாலை கோக்க முடியாது, அதனால் வளையல் கோக்கச் சொல்லிக்கொடுத்தாள். சின்னதுகள் அட்டையில் பசை தடவி மீன் ஒட்டும், வீடு ஒட்டும். எது செய்தாலும் அப்பாவுக்குத்தான். கையில் எதுவும் இல்லாமல்தான் என் வாசலைத் தாண்ட வேண்டும் என்பதால், செய்ததை அக்காவின் தட்டில் வைத்துவிட்டு வருவார்கள்.

"அப்பாகிட்ட குடுத்துடுவீங்கல்ல ஆன்ட்டி?"

"குடுக்காம? பேரு சொல்லிக் குடுத்துடுவேன் கண்ணு."

கடைசிப் பிள்ளையும் போனதும் அந்தத் தட்டை அப்படியே குப்பைக்கூடையில் கவிழ்ப்பாள்.

அவளைத் திட்டாதீர்கள். முன்பெல்லாம் உள்ளே கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். ஒரு மகராசன் பிள்ளை ஒட்டிக்கொடுத்த வீட்டைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, பசையோடும் ஜிகினாவோடும் தின்று தொலைத்தான். வயிற்றைக் கழுவ வேண்டியதாகிவிட்டது. போதாததற்கு அறைகளில் எலி. தின்கிற பொருளில் செய்தது எதுவும் உள்ளே போகக் கூடாது என்று பெரிய அதிகாரி உத்தரவு போட்டார். ஒருத்தன் தின்றதற்கு எல்லார் வாயிலும் மண். ஆனால் அதைப் பிள்ளைகளிடம் யார் போய்ச் சொல்வது? மேசையை எடுத்துவிட்டால் அந்தக் கூடத்தில் அதுகள் எப்படி உட்காரும்? அங்கே பெண்கள் அழுதுகொண்டே இருப்பார்கள். மேசை இருக்கட்டும், பொய்யும் இருக்கட்டும் என்று விட்டோம்.

உள்ளே இருக்கிறவர்களும் பழகிவிட்டார்கள். புதிதாக வருகிறவனுக்குப் பழைய ஆள் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதுதான்: பிள்ளை கேட்டால், "படுக்கைக்கு மேல மாட்டியிருக்கேன்" என்று சொல்லிவிடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, முரட்டு மீசைக்காரனெல்லாம் அதே வார்த்தையை ஒப்பிப்பான். கேட்டுக் கேட்டு எனக்கே எரிச்சல் வரும்.

இது எல்லாப் பிள்ளைகளிடமும் செல்லுபடியானது, சட்டாம்பிள்ளை வரும்வரை.

ஏழு வயசுப் பெண். பக்கத்து நாற்காலிப் பையன் மூக்குறிஞ்சினால்கூட "துடை" என்று அதட்டுவாள், அதனால் அந்தப் பெயர். அவள் அப்பா தச்சர். ஏதோ வாய்த்தகராறு கைகலப்பாகி, கையில் இருந்த உளி ஒருவன் உயிரைக் கொண்டுபோய்விட்டது. தண்டனை நீளம். அம்மாக்காரி வேறு வாழ்க்கையைத் தேடிப் போய்விட்டாள். பெண்ணை வளர்ப்பதும் கூட்டிவருவதும் அத்தை, தச்சருக்கு அக்கா. மூன்று வீட்டில் வேலை பார்க்கிற உடம்பு. வந்து உட்கார்ந்ததும் சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். தச்சரைத் தேடி வருகிறவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

ஒருநாள் சட்டாம்பிள்ளை ஃபோனை எடுத்ததும் கேட்டாள்: "போன தடவ செஞ்ச வளையல் எங்கப்பா?"

"படுக்கைக்கு மேல மாட்டியிருக்கேன்டா தங்கம்."

"என்ன கலரு?"

தச்சர் ஒரு கணம் விழித்தார். "செவப்பு."

"கலரே இல்ல. அன்னிக்குக் கலர் போட்டதெல்லாம் தீந்துபோச்சு. வெள்ளயாத்தான் கோத்தேன்."

ஃபோனை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அவர் அந்தப் பக்கம் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த பார்வை நாளன்று மேசையில் உட்கார்ந்து வளையல் கோத்தாள், தட்டில் வைத்தாள், ஆனால் உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டாள். அத்தை மட்டும் போய்ப் பேசிவிட்டு, முகம் சுண்டித் திரும்பினாள். "இவளுக்காகத்தான் ரெண்டு பஸ் மாறி வர்றேன். இவளே பாக்க மாட்டாளாம்னா நான் எதுக்கு வேலயக் கெடுத்துக்கிட்டு வரணும்? இனி வரப் போறதில்ல" என்றாள்.

மக்ரோனி அக்கா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவ கூட்டிட்டு வாம்மா. ஒன் கால்ல வேணா விழறேன்." அத்தை அரைமனதாகத் தலையாட்டினாள்.

எனக்கு ஆச்சரியம். யாரோ பெற்ற பிள்ளைக்கு இவள் எதற்குக் காலில் விழ வேண்டும்? அவர்கள் போனதும் கேட்டேவிட்டேன்.

"என் வீட்டுக்காரர் இதே ஜெயில்ல இருந்தவருதான், நீ வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி" என்றாள். "என் பையன் எட்டு வயசுல வர மாட்டேன்னான். புள்ள மனசு, போகப் போகச் சரியாயிடும்னு விட்டுட்டேன். சரியாகவே இல்ல. பையன் வந்திருக்கானா, பையன் வந்திருக்கானான்னு என் முதுகுக்குப் பின்னாடியே பாத்துப் பாத்து மனுஷன் உள்ளேயே போயிட்டாரு. அவனுக்கு இப்ப மீசை முளைச்சு, கல்யாணமும் ஆயிடுச்சு. அப்பாங்கற வார்த்தய எடுத்தாலே எழுந்து போயிடறான். வந்து பாக்கறது ஒரு தடவ நின்னா நின்னதுதான்டி. அப்புறம் ஓடாது."

தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

பிறகு அவளே மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள். "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். நாம பாதிப் பொய்ய சொல்லிட்டு மீதிய உள்ள இருக்கறவங்க தலையில கட்டிட்டோம். இனிமே யாரு என்ன செஞ்சாங்கன்னு நான் ஒங்கிட்ட சொல்றேன். நீ உள்ள சொல்லிடு."

"எனக்கு வேற வேல இல்ல பாரு" என்றேன். ஆனால் செய்தேன். சனியனை விலைகொடுத்து வாங்குவது எனக்குப் பழக்கம்தான்.

அன்றே தச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளை கோத்த வளையல் எப்படி இருந்தது என்று சொன்னேன். கேட்கும்போது அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. மனப்பாடம் செய்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அத்தை வாக்குத் தவறாமல் கூட்டிவந்தாள். சட்டாம்பிள்ளையை அக்கா என்னவோ சொல்லித் தாஜா செய்து உள்ளே அனுப்பினாள். முறைத்துக்கொண்டே ஃபோனை எடுத்தாள்.

"போன தடவ என்ன செஞ்சேன்?"

"மூணு சங்கு, நடுவுல ஒரு பச்சைப் பட்டாம்பூச்சி, அப்புறம் மூணு சங்கு. பட்டாம்பூச்சிக்கு ஒரு பக்கம் றெக்க ஒடஞ்சிருக்கு. பரவால்ல, நல்லாத்தான் இருக்கு."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இவ்வளவு நேரம் முறைத்த முகமா இது என்று இருந்தது. "அது நான் ஒடைக்கல, அந்த மூக்கொழுகிதான் ஒடச்சான்" என்று ஆரம்பித்தவள், நேரம் முடிந்தது என்று நான் கத்தும்வரை நிறுத்தவில்லை. கூடத்துக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு சிரிப்பு சிரித்தாள்.

அதன் பிறகு எல்லா அப்பன்களுக்கும் இதே ஏற்பாடு. நடைபாதையில் நடந்துகொண்டே, "ஒனக்கு நீல மீனு, கண்ணுக்குச் சுருள்; ஒனக்கு வீடு, கதவு மஞ்ச" என்று ஓதிக்கொண்டு போவேன். ஜெயிலே என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. எந்தப் பிள்ளையும் அழவில்லை.

மழை பெய்த ஒரு நாள், சட்டாம்பிள்ளையும் அத்தையும் கிளம்பிப் போனவர்கள், குடையை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நான் சோதனை வாசலைப் பூட்டிவிட்டுக் கூடத்துக்குள் வந்தேன். அக்கா தட்டைக் கூடைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தாள், காய்ந்த மக்ரோனி கலகலவென்று விழுந்தது. வாசற்படியில் அந்தப் பெண் நனைந்துகொண்டு நின்றாள்.

அக்கா கையில் தட்டோடு சிலையாகிவிட்டாள். சட்டாம்பிள்ளை எதுவும் கேட்கவில்லை. உள்ளே வந்து நாற்காலிக்கு அடியிலிருந்து குடையை எடுத்துக்கொண்டாள். போகும்போது கூடைக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான், போய்விட்டாள்.

"போச்சு. எல்லாம் போச்சு" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இனிமே அந்தப் புள்ள வராது. அந்த மனுஷனயும் நான் கொன்னுட்டேன்." எவ்வளவு சொல்லியும் தேறவில்லை. தச்சரிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "வேணாம், ஒரு வாரமாவது நிம்மதியா இருக்கட்டும்" என்றாள். சொல்லவில்லை. வழக்கம்போல சட்டாம்பிள்ளை அன்று செய்த வளையலைத்தான் சொன்னேன்: ஊதாக் குழல், இடையிடையே வெள்ளைச் சுருள்.

அடுத்த பார்வை நாளில் அக்கா காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளைக்குப் பசைக்குப் பதில் தண்ணீரைக் கொடுத்தாள். அத்தையும் சட்டாம்பிள்ளையும் வந்தார்கள். பெண் எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். டப்பாக்களைக் கிட்டே இழுத்துக்கொண்டு, சங்கும் குழலுமாக ஒரு வளையல் நிதானமாகக் கோத்தாள். முடிச்சுப் போட்டாள். எழுந்து நேராகக் கூடைக்குப் போய் அதில் போட்டாள். பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு சோதனைக்கு என் முன்னால் வந்து நின்றாள்.

உள்ளே போய் ஃபோனை எடுத்தாள். நான் பின்னாலேயே போய் நின்றேன். இப்போது கேட்டுவிடுவாள், இப்போது உடைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன்.

"போன தடவ செஞ்சது இருக்காப்பா?"

"ஓ, படுக்கைக்கு மேல மாட்டியிருக்கேனே. ஊதாக் குழல், நடுநடுவுல வெள்ளச் சுருள். எல்லாத்துலயும் அதுதான்டா அழகு" என்றார் தச்சர், முகமெல்லாம் பல்லாக.

"பத்திரமா வெச்சுக்கோப்பா. எலி கடிச்சிடப் போவுது" என்றாள்.

நேரம் முடிந்தது. அவருக்குக் கையசைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். அத்தை செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். சட்டாம்பிள்ளை அக்காவிடம் போய், அவள் முந்தானையைப் பிடித்துக் குனியவைத்தாள். ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவள் சொன்னது எனக்கே கேட்டது.

"எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி. அழுதுடுவாரு."