ஒரு பிளாப்பிக்குள் அடங்காத யூனிக்ஸ்

அடையாற்றில், பார்வையற்ற மாணவிகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதியின் கீழ்த்தளத்தில் சிறிய பிரெயில் அச்சகம் ஒன்று இருக்கிறது. பொங்கல் முடிந்த கையோடு அங்கிருந்து எனக்கு போன் வந்தது. பேசியவர் அந்த அச்சகத்தைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர். அவருக்கும் பார்வை கிடையாது. வரலாற்றில் எம்.ஏ. படித்தவர். காலையில் பிளஸ் டூ மாணவிகளுக்கு வகுப்பு எடுப்பார், மதியத்துக்கு மேல் பாடங்களைத் தட்டச்சு செய்து பிரெயிலில் அச்சடித்துக் கொடுப்பார்.

"மேடம், எங்க கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. பழசு, ரொம்பப் பழசு. வந்து பாருங்க. முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லிடுங்க. இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் 'பாக்கறேன்'னு சொல்லிட்டுப் போனவங்கதான்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. மறுநாளே தி. நகரிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். நான் பல வருடங்கள் அலுவலகங்களில் சர்வர்களைப் பராமரித்தவள். இப்போது வீட்டிலிருந்தே அதே வேலையைச் செய்கிறேன். செத்துப்போனதாகச் சொல்லப்படும் கம்ப்யூட்டர்களில் பாதி உயிரோடுதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிரெயில் இயந்திரம் பீரோ உயரத்துக்கு இருந்தது. கெட்டித்தாளில் ஊசிகளால் குத்திப் புள்ளிகளை எழுப்பும் இயந்திரம் அது. அதில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரில். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பழைய எலெக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவில் தேடி மாட்டிய பழைய டிஸ்க்குகளும் அடுத்தடுத்துப் போய்விட்டனவாம். புதிய டிஸ்க் எதையும் அந்தக் கம்ப்யூட்டர் ஏற்காது. கம்ப்யூட்டரையே மாற்றலாமென்றால் அதற்கும் வழியில்லை. இயந்திரத்தோடு பேசுவதற்கென்று ஒரு தனி கார்டு உள்ளே செருகியிருந்தது. அந்தக் கார்டு பொருந்தும் ஸ்லாட் இன்றைய கம்ப்யூட்டர்களில் கிடையாது.

"புது மிஷினுக்கு எழுதிப் போட்டிருக்கோம். வரும்போது வரும். பொண்ணுங்களுக்கு மார்ச்ல பரீட்சை" என்றார் டீச்சர். "ஹிஸ்டரி பாதிப் புஸ்தகம்தான் அச்சாகியிருக்கு. மீதியை நான் வாய்விட்டுப் படிச்சு பதிவு பண்ணிக் கொடுக்கலாம். ஆனா கேட்டுப் படிக்கிறது வேற, விரல் வெச்சுப் படிக்கிறது வேற. கேக்கறப்ப தூக்கம் வருது."

நான் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். மெமரி நன்றாக இருந்தது. நெட்வொர்க் கேபிள் மாட்டும் கார்டு இருந்தது. முகப்பில், பிளாப்பி என்னும் அந்தக் காலத்துச் சதுரத் தட்டைப் படிக்கும் டிரைவ் இருந்தது. விரலை விட்டுப் பார்த்தால் தூசி. துடைத்துவிட்டு மின்சாரம் கொடுத்ததும் கர்ரென்று சுற்றியது.

"டீச்சர், ஹார்ட் டிஸ்க்கே வேண்டாம். ஒரு பிளாப்பியிலேர்ந்து கிளம்பற மாதிரி சின்னதா ஒரு யூனிக்ஸ், அதான் கம்ப்யூட்டரை ஓட்டற அடிப்படை நிரல், கட்டித் தரேன். நீங்க லேப்டாப்ல டைப் பண்ணி நெட்வொர்க் வழியா அனுப்புவீங்க. இது வாங்கி அப்படியே மிஷினுக்குத் தள்ளிவிடும். அவ்வளவுதான் இதுக்கு வேலை."

"ஒரு பிளாப்பியில அவ்வளவும் அடங்குமா?"

"அடங்கும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானே பண்ணியிருக்கேன்."

வாயால் சொல்லியாகிவிட்டது. இனி அடக்கிக் காட்ட வேண்டும்.

இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோ இரண்டு மூன்று பிளாப்பிகளை நிரப்பும். அந்த இடத்துக்குள் யூனிக்ஸின் கரு, நெட்வொர்க், அச்சுக்கு அனுப்பும் நிரல் எல்லாம் போக வேண்டும். இதற்கென்றே பழைய ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு. என்னென்ன நிரல்கள் வேண்டும் என்று சொன்னால், அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, சுருக்கி, பிளாப்பியில் எழுதத் தோதான ஒரே கோப்பாகக் கொடுத்துவிடும். அந்த வேலையைத்தான் பில்ட் என்போம். வீட்டுக்கு வந்து என் லேப்டாப்பில் அதை ஓட்டினேன்.

முதல் நாள் பில்ட் பாதியிலேயே நின்றது. எதிர்பார்த்ததுதான். எழுதிய நிரலைக் கம்ப்யூட்டரின் மொழிக்கு மாற்றுவது கம்பைலர்; பழைய நிரலை இன்றைய கம்பைலர் ஏற்றுக்கொள்ளாது. அங்கங்கே திருத்த வேண்டியிருந்தது. திருத்தினேன். நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் நிரல் அடம்பிடித்தது. அதையும் வழிக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகு பில்ட் கடைசிப் படி வரைக்கும் ஓடியது. அங்கே போய் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரியைச் சொல்லிவிட்டு நின்றது. இடம் இல்லை.

பிளாப்பியில் இருப்பது கம்ப்யூட்டர் கிளம்பும்போது மெமரியில் விரிந்து ஒரு சின்ன டிஸ்க் போல நிற்கும். அந்தச் சின்ன டிஸ்க்கில்தான் நிரல்களை வைக்க இடமில்லை என்றது ஸ்கிரிப்ட். ஆசைப்பட்டு நிறையத் திணித்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். எடிட்டரை எடுத்தேன். இடம் இல்லை. வெளியிலிருந்து உள்ளே நுழைந்து பார்ப்பதற்கான நிரலை எடுத்தேன். இடம் இல்லை. கோப்பு நகலெடுப்பது, மணி காட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒவ்வொரு முறையும் பில்ட் முழுதாக ஓடி முடிய ஒரு காபி குடிக்கும் நேரம் ஆகும். அந்த வாரம் நான் குடித்த காபி கொஞ்சநஞ்சமல்ல.

என் கணவர் சாப்பாட்டு மேசையில் என் திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னுமா அது? யாராவது ஸ்பான்சர் பிடிச்சு புது மிஷின் வாங்கிக் கொடுத்துடலாமே. நீ ஏன் இதோட மல்லுக்கட்டறே?"

"பிடிங்க. வேண்டாம்னு நான் சொல்லலை. அது வர்ற வரைக்கும் இது ஓடணும்."

"ஓடலைன்னா?"

"ஓடும்."

கோபத்தில் சொன்னதல்ல. அந்தக் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது, இயந்திரம் நன்றாக இருக்கிறது, நடுவே என் வேலை மட்டும்தான் பாக்கி. அதை விட்டுவிட்டுப் போய் டீச்சரிடம் நானும் 'பாக்கறேன்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் கட்டளை வாங்கும் ஷெல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஓட்டினேன். அப்போதும் அதே வரி. ஒன்றுமே இல்லாத வீட்டில் உட்கார இடமில்லை என்பதுபோல் இருந்தது. ஆக, நிரல்களின் அளவு பிரச்சினையில்லை என்று அன்றைக்குத் தெளிவானது. வேறு எங்கேயோ கோளாறு. பில்ட் ஓடும்போது ஸ்கிரிப்ட் தான் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே போகும். அது ஒரு நீளமான பதிவாகச் சேமிக்கப்படும். அந்தப் பதிவை மேலிருந்து கீழ்வரை படித்தேன். மீண்டும் படித்தேன். ஒன்றும் கண்ணில் படவில்லை.

இதற்கிடையில் டீச்சர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன் செய்வார். குறைசொல்ல மாட்டார். "இன்னிக்கு எது வரைக்கும் வந்துச்சு?" என்று கேட்பார், அவ்வளவுதான். ஒரு நாள் சொன்னார்:

"நீங்க வரலை வரலைன்னு மட்டும் சொல்றீங்க மேடம். அது என்ன சொல்லிட்டு நிக்குதுன்னு எனக்கும் அனுப்புங்களேன். நானும் கேக்கறேன். எனக்கு அந்தப் பாஷை புரியாதுதான். ஆனா பக்கம் பக்கமா பிழை திருத்தறவ நான்."

மறுப்பதற்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை. பதிவை அனுப்பிவிட்டு, மதியம் நானும் அடையாற்றுக்குப் போனேன். அவருடைய லேப்டாப், திரையில் இருப்பதை ஆங்கிலக் குரலில் படித்துக் காட்டும். எனக்குப் புரியாத வேகத்தில் வைத்திருந்தார். பட்டாணி கொட்டுவதுபோல் சொற்கள் விழுந்தன. டீச்சர் தலையைச் சாய்த்து, கையில் இருந்த டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் திரையில் அதே பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டென்று ஒரு விசையை அழுத்திக் குரலை நிறுத்தினார்.

"இங்க ஏதோ தமிழ்ல இருக்கே?"

"எங்க?"

"இருங்க, மறுபடி ஓட விடறேன்." வேகத்தைக் குறைத்தார். ஆங்கிலத்தில் சரளமாக ஓடிக்கொண்டிருந்த குரல் ஓரிடத்தில் திக்கியது. 'டமில் லெட்டர், டமில் லெட்டர், டமில் லெட்டர்' என்றது. பிறகு ஒரு எண். பிறகு மறுபடி சரளமான ஆங்கிலம்.

"இந்தக் குரலுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தமிழ் எழுத்து வந்தா இப்படித்தான் பினாத்தும்" என்றார் டீச்சர். "ஆரம்பத்துலேர்ந்து இங்கிலீஷ்தான். இந்த ஒரு எடத்துல மட்டும் தமிழ். அப்படித்தான் இருக்கணுமா?"

நான் என் திரையில் அந்த வரியைத் தேடிப் பிடித்தேன். 'மொத்தம்' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு எண்.

என் லேப்டாப்பைத் தமிழில் வைத்திருப்பவள் நான். அதன் கட்டளைகள் பலவும் எனக்குத் தமிழில்தான் பதில் சொல்லும். நாள் முழுவதும் என் கண் பார்த்துப் பழகிய சொல் அது. அத்தனை முறை படித்தும் அதில் எனக்கு எந்த விசித்திரமும் தெரியவில்லை.

ஸ்கிரிப்டைத் திறந்தேன். இப்போது எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. மெமரியில் அமைக்கும் அந்தச் சின்ன டிஸ்க் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று ஸ்கிரிப்ட் தானே கணக்குப் போடும். நிரல்கள் இருக்கும் அடைவை, அதாவது ஃபோல்டரை, பட்டியலிடச் சொல்லி, அந்தப் பட்டியலில் 'டோட்டல்' என்று ஆங்கிலத்தில் தொடங்கும் வரியைத் தேடி, அதன் பக்கத்து எண்ணை எடுத்துக்கொள்ளும். என் லேப்டாப்பில் அந்த வரி 'மொத்தம்' என்று தொடங்கியது. ஸ்கிரிப்ட் தேடியது கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று சொல்லவும் இல்லை. பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, ஷெல்கூட நுழைய முடியாத அளவுக்கு ஒரு டிஸ்க்கைச் செய்து வைத்துவிட்டு, அதில் இடமில்லை என்று என்னிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

டீச்சரிடம் விளக்கினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப தமிழ் படிக்கத் தெரியாததால வந்த வினையா?"

"ஆமா டீச்சர். ஸ்கிரிப்டுக்கும் தெரியலை. உங்க இங்கிலீஷ் குரலுக்கும் தெரியலை. நல்லவேளை."

ஸ்கிரிப்டின் தலையில் ஒரு வரி சேர்த்தேன்: இது ஓடி முடியும்வரை எல்லாப் பதிலும் ஆங்கிலத்தில் வரட்டும். அங்கேயே உட்கார்ந்து பில்டை ஓட்டினேன். நான் கழற்றிப் போட்ட நிரல்களையெல்லாம் திரும்பச் சேர்த்துத்தான் ஓட்டினேன். டீச்சர் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார். கடைசிப் படியைத் தாண்டி, பிளாப்பிக்கான கோப்பு முழுதாக வந்து நின்றது. கொஞ்சம் இடமும் மிச்சமிருந்தது.

"மிச்சம் இருக்கா? அப்ப அது ரெடியானதும் எனக்கு ஒரு சத்தம் கொடுக்கட்டும். அந்தக் கம்ப்யூட்டர் பேசாது. கிளம்பிச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

நியாயமான கேள்வி. அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கிளம்பி முடிந்ததும் இரண்டு முறை பீப் அடிக்கும்படி செய்தேன்.

வேலை அத்துடன் முடியவில்லை. வீட்டில் பழைய டப்பாவிலிருந்து நான் கொண்டுபோன பிளாப்பிகளில் பூஞ்சை. என் லேப்டாப்போடு இணைக்கும் பிளாப்பி டிரைவில் எழுதும்போது ஏற்கும், படிக்கும்போது பாதியில் முரண்டு பிடிக்கும். நல்ல பிளாப்பிக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, ரவிக்கைக்கு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போட்டுக் கொடுக்கும் கடை நினைவுக்கு வந்தது. உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. கடைக்கார பாயை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். அவருடைய பழைய இயந்திரம் ஒன்று டிசைனை பிளாப்பியிலிருந்துதான் படிக்கும்.

"இன்னாம்மா, பிளாப்பியா? உங்களுக்கு இன்னாத்துக்கு அது?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். தையல் இயந்திரங்களின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "பொண்ணுங்க பரீச்சைக்கா? இருங்க, இருங்க" என்று உள்ளே போனார். சீல் பிரிக்காத ஒரு பெட்டியோடு வந்தார்.

"இது நல்லா கீது. எடுத்துக்கினு போங்க. பழசுலாம் எடுக்காதீங்க, பாதியில கைய விட்டுடும். ஒண்ணு பண்ணுங்க, ஒண்ணுக்கு மூணா போட்டு வெச்சுக்கோங்க. நான் அப்படித்தான் வெச்சிக்கினு கீறேன்."

மூன்றாகவே எழுதினேன். மறுநாள் காலை டீச்சர் வகுப்பை முடித்துவிட்டு வந்ததும் முதல் பிளாப்பியை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் விரலால் தடவி, உலோக மூடி எந்தப் பக்கம் என்று பார்த்து, டிரைவில் செருகினார். மின்சாரம் போட்டேன். டிரைவ் முனகியது, நின்றது, மறுபடி முனகியது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இரண்டு பீப்.

டீச்சர் தன் லேப்டாப்பில் வரலாற்றுப் பாடத்தின் ஒரு பக்கத்தை எடுத்து அனுப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. கேபிளைப் பார்த்தேன், சரியாகத்தான் மாட்டியிருந்தது. "தாள் உள்ள போகலை" என்று சொல்லிவிட்டு டீச்சர் எழுந்து போய், இயந்திரத்தின் பக்கவாட்டில் இருந்த நெம்புகோலைத் தள்ளினார். அடுத்த நொடி அது தடதடவென்று குத்தத் தொடங்கியது. அறை முழுக்க அதிர்ந்தது. மாடியிலிருந்து இரண்டு மூன்று மாணவிகள், "டீச்சர், ஓடுதா?" என்று கத்திக்கொண்டே படியிறங்கி வரும் சத்தம் கேட்டது.

வெளியே வந்த தாளை டீச்சர் கிழித்தெடுத்து மடியில் வைத்து இரண்டு கைகளாலும் படித்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் வரி வரியாக இறங்கின. ஓரிடத்தில் நின்று திரும்பிப் போயின.

"இடது ஓரத்துல புள்ளி லேசா இருக்கு. ஊசியைத் துடைக்கணும். அது என் வேலை" என்றார். பிறகு தாளை முதலில் வந்த மாணவியிடம் நீட்டினார். "இந்தா, இதுலேர்ந்து ஆரம்பி. மத்தவங்களுக்கும் வருது."

அன்று மாலை வரை நான் அங்கேயே இருந்தேன். தாள் தீரத் தீர எடுத்து வைத்தேன், அச்சானதை வரிசைப்படுத்தினேன். பரீட்சைக்கு முன்பே வரலாறு முழுவதும் அச்சாகி முடிந்தது. அதன்பின் அரசியல் அறிவியலையும் தொடங்கினார்கள். புது இயந்திரம் இன்னும் வரவில்லை. நடுவில் ஒருமுறை டீச்சர் போன் செய்து, கரண்ட் போய் வந்ததாகவும், தானே பிளாப்பியைப் போட்டுக் கிளப்பிவிட்டதாகவும் சொன்னார். உதவி கேட்டுப் பேசிய அழைப்பு அல்ல அது. எனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் சொன்னார்.