வாசல் பல்பு மட்டும் லைனில்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து சக்குபள்ளம் வரை

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சோலார் போடலாமா, போட்டால் பேட்டரியோடு போடலாமா என்பதை நான்தான் சொல்ல வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனது நான் ஒருத்திதான். அதிலும் மின்சாரம் படித்தவள். அம்மா மாவு அரைத்து விற்கிறார். கரண்ட் போனால் கிரைண்டர் நின்று, ஊறிய அரிசி புளித்துப் போகிறது. வீடு கட்டி மிஞ்சிய பணம் மொத்தமும் இதில் போய்விடும். நான் தவறாகச் சொன்னால் திருத்திக்கொள்ள வழியில்லை. "நீ பாத்துட்டு வந்து சொல்லு சாமி, அது போதும்" என்றார் அப்பா. ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன்.

முதல் வீட்டைப் பார்க்க பஸ் ஏற வேண்டியதில்லை. கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையிலேயே தோப்புக்காரர் பழனிச்சாமி போன வருடம் பேட்டரி இல்லாமல் சோலார் போட்டார். பகலில் மிஞ்சும் மின்சாரம் லைனுக்குப் போகிறது, பில்லில் கழிகிறது. ஆனால் லைனில் கரண்ட் போனால் அவர் வீட்டிலும் போய்விடும். நல்ல வெயிலில் ஃபேன் நின்ற ஒரு நாளில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, கரண்டுதானே போச்சு? வெயிலு போகலியே?"

லைன் செத்திருக்கும்போது நம் கூரையிலிருந்து மின்சாரம் போனால் கம்பத்தில் ஏறியிருப்பவரின் உயிருக்கு ஆபத்து, அதனால் சோலார் தானாகவே நின்றுவிடும் என்று விளக்கினேன். எனக்குப் பேச்சு வராது. பாதிதான் வெளியே வந்திருக்கும்.

"அப்ப நம்மூட்டு வெயிலுக்கும் போர்டுக்காரங்க கிட்ட பர்மிசன் கேக்கோணுங்கற" என்று சிரித்தார். பேட்டரி வைத்த வீட்டையும் பார்த்தாக வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

என்னோடு படித்த ஜெனியின் ஊர் இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளம். அவள் இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்தபடியே அம்மாவின் வீட்டுக்குப் பேட்டரியோடு சோலார் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கேரளத்திலிருந்து கேரளத்துக்குத்தான் பயணம், ஆனால் வழி முழுக்கத் தமிழ்நாடு. காலை ஐந்தே முக்காலுக்குப் பஸ் ஏறி, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சி. அங்கிருந்து பழனி, வத்தலக்குண்டு, தேனி என்று மாறி மாறிக் குமுளி. பஸ் செலவு ஒரு வழிக்கு முந்நூற்றுச் சொச்சம். தேனியில் ஓட்டலுக்குள் தனியாகப் போகக் கூச்சப்பட்டு இரண்டு வாழைப்பழத்தோடு முடித்துக்கொண்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மலை ஏறும்போது வெறும் வயிறு குமட்டும். ஜன்னலோரம் கிடைத்தது. இதைப் பார், அதைப் பார் என்று சொல்லத்தான் யாருமில்லை.

குமுளியிலிருந்து ஜீப். எங்கே, எதற்கு என்று டிரைவர் கேட்டார். சொன்னேன். "மழைக்காலத்துல சோலார் பாக்க வந்த மொத ஆளு நீங்கதான்" என்றார். வழியெல்லாம் அதை நினைத்து நினைத்துச் சிரித்தார். ஏலத்தோட்டங்களுக்கு மேலே மூடுபனி இறங்கியிருந்தது. அவர் சொன்னதும் நியாயம்தான் என்று பட்டது.

ஜெனியின் அம்மா மரியபுஷ்பம் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். "வா பிள்ளே, நனைஞ்சிட்டியே" என்று துண்டைக் கொடுத்தார். கூரையில் பேனல்கள், உள் அறையில் பேட்டரி, சுவரில் இன்வெர்ட்டர். எல்லாம் சுத்தமான வேலை. அவர் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கிரைண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காகத்தானே வந்தேன்.

நாலு மணிவாக்கில், பகலிலும் எரிந்துகொண்டிருந்த வாசல் பல்பு அணைந்தது. கிரைண்டர் நிற்கவில்லை, சத்தம்கூட மாறவில்லை. லைன் போய்விட்டது, பேட்டரி ஏற்றுக்கொண்டது. லைனிலிருந்து அறுத்துக்கொண்டு தனியே ஓடும் வீட்டுக்கு எங்கள் பாடத்தில் 'தீவு' என்று பெயர். பரீட்சையில் எட்டு மார்க் கேள்வி.

எனக்கு உறுத்தியது வாசல் பல்புதான். பார்த்தால், அது ஒன்று மட்டும் பேட்டரிப் பக்கம் சேராமல் நேராக லைன் பக்கம் இணைந்திருந்தது. யாரோ தவறாக வயர் இழுத்திருக்கிறார்கள், பத்து நிமிடத்தில் மாற்றலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கிவிட்டார்.

எதிர் வரிசை வீடுகளிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்திருந்தார்கள். "என்ன பேட்டரிக்காரி, ஒனக்குமா போச்சு?" என்று ஓர் அம்மா கூப்பிட்டார். "போச்சு தங்கம், போச்சு" என்றார் இவர், வெட்கமே இல்லாமல். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யார் மகள் மாசமாக இருக்கிறாள் என்று பேச்சு போனது. நான் நிலைப்படியில் நின்றேன். ஒருமுறை தங்கம் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நானும் ஆட்டினேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் பல்பு எரிந்தது. அவரவர் உள்ளே போனார்கள். அவர் வந்து குடையை மடக்கியதும் வயரிங் தவறைச் சொன்னேன்.

"தப்பில்ல பிள்ளே. நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்" என்றார். "பேட்டரி வச்ச புதுசுல ஒரு நாளு பூரா கரண்ட் இல்ல. எனக்குத் தெரியவே இல்ல. எல்லாரும் வெளிய ஒக்காந்து பேசிருக்காங்க, நான் உள்ள டிவி பாத்துக்கிட்டு இருக்கேன். மறுநாளு தங்கம் கேக்கா, மக காசு அனுப்புறான்னு பெரிய ஆளாயிட்டியோன்னு. அன்னைக்கே எலெக்ட்ரீசியனக் கூப்பிட்டு, வாசல் பல்ப மட்டும் லைன்லயே விட்டுருன்னுட்டேன். அது அணைஞ்சா எறங்கிப் போயிருவேன்."

ஜெனியிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "அவகிட்ட எதுக்கு? அவ நல்லதுக்குத்தான போட்டா" என்றார்.

அந்த ஏற்பாட்டில் திருத்த எனக்கு ஒன்றுமில்லை. மறுநாள் காலை குமுளி பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். பேனலைக் குறைத்துக்கொண்டு பேட்டரியோடு போடலாம், கிரைண்டர் ஓடும் என்றேன். ஏன் குறைக்க வேண்டும், மழையில் என்ன ஆகும், எத்தனை வருடம் வரும் என்று அவர் கேட்பவற்றுக்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். இரவு முழுக்க மனதில் ஒத்திகை பார்த்தவை. "செரி சாமி, போட்டுரலாம்" என்று வைத்துவிட்டார்.

இதே போல் கிளம்ப நினைப்பவர்களுக்கு: முதலில் உங்கள் மின்வாரியச் செக்‌ஷன் ஆபீஸில், உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் இன்னும் சோலார் சேர்க்க இடமிருக்கிறதா என்று கேளுங்கள். பகலில் எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் லைனுக்குத் தள்ளுவதால் சில இடங்களில் நிரம்பிவிடுகிறது. கரண்ட் போகும்போது எது ஓட வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு பேட்டரி அளவைப் பேசுங்கள். மோட்டார் உள்ள சாமான் இருந்தால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பேட்டரி வைத்த வீட்டை மழைக்காலத்திலேயே போய்ப் பாருங்கள்; ஜீப்காரர் சிரிக்கட்டும்.

உங்கள் வீட்டிலும் படித்த பெண் ஒருத்தி சொன்னால் போதும் என்று இருந்தால், அவள் சொன்னபடியே செய்யுங்கள். ஆனால் ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள்.