கப்டன் திரும்பிப் பார்த்த வளைவு

எரிந்த ஆமணக்கெண்ணெய் எப்படி மணக்கும் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் முழிப்பார்கள். எனக்கு அந்த மணம்தான் வெள்ளிக்கிழமை. எண்பதுகளின் கடைசியில், கிழக்கு லண்டனில், கோடைகாலத்து வெள்ளி மாலைகளில் நாங்கள் குடும்பமாகப் போய் நின்ற மோட்டார் சைக்கிள் பந்தயத் திடலில், இயந்திரங்களுக்கு ஊற்றும் அந்த எண்ணெய்ப் புகை எங்கள் தலைமயிரிலும் சுவெட்டரிலும் ஏறிக்கொண்டு, அம்மா தோய்த்துக் காயப்போட்ட பிறகும் இறங்காமல் நிற்கும். "பேதிக்குக் குடிச்ச வீடு மாதிரி மணக்குது" என்று கிழமைக்குக் கிழமை புறுபுறுப்பவரும் அம்மாதான், அடுத்த வெள்ளி முட்டை சான்ட்விச்சும் பிளாஸ்கில் தேத்தண்ணியுமாக முதல் ஆளாய் வாசலில் நிற்பவரும் அம்மாதான்.

அந்தப் பந்தயத்துக்குப் பெயர் "ஸ்பீட்வே". அப்பா அதைச் "சறுக்கோட்டம்" என்பார். முட்டை வடிவத் தடம், அதில் சிவப்புக் கல்லுத்தூள், பிரேக்கே இல்லாத மோட்டார் சைக்கிள்கள். ஓர் அணிக்கு இருவராக நான்கு பேர் புறப்பட்டு நாலு சுற்றுச் சுற்றுவார்கள். வளைவுகளில் வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு, இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு திரும்பும்போது கிளம்பும் கல்லுத்தூள் வேலிக்கு மேலால் வந்து எங்கள் முகத்தில் அடிக்கும். எங்கள் அணிக்குச் சிவப்பும் நீலமும் தலைக்கவசம், வந்த அணிக்கு வெள்ளையும் மஞ்சளும். இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சத்தை நான் சொல்லிவிடுவேன்.

எங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஜோர்ஜ். பார்க்கிங் என்ற ஊரில் ஒரு பெற்றோல் நிலையத்தில் அப்பாவோடு ஷிப்ட் செய்த வெள்ளைக்காரர், தாத்தா காலத்திலிருந்து அந்த அணியின் பக்தர். எந்த வருடம் யார் கப்டன், எவனுக்கு எந்த வளைவில் கழுத்தெலும்பு முறிந்தது என்று அவர் ஒப்புவிக்கத் தொடங்கினால், நாங்கள் தேவாரம் பாடுவதுபோல நிறுத்தாமல் போகும். நாங்கள் போன முதல் வருடம் கப்டனாக இருந்தவர் நோமன். நொண்டி நடப்பார், சிரிக்க மாட்டார், விழுந்தால் எழும்பித் தூசியைத் தட்டிவிட்டு யாரையும் பாராமல் போவார். அவருக்குப் பிறகு வந்தவன்தான் கிளைவ்.

கிளைவை நான் எப்படி நேசித்தேன் என்பதைப் பத்து வயதுப் பிள்ளையின் பாஷையில்தான் சொல்ல முடியும்: பள்ளிக்கூடத்தில் உன் நாயகன் யார் என்று ரீச்சர் கேட்டபோது, வகுப்பில் எல்லோரும் பாட்டுக்காரர்களின் பெயரைச் சொல்ல, நான் எழும்பி நின்று கிளைவின் பெயரைச் சொன்னேன். அவன் வேகமாக ஓடுவான் என்பதற்காக அல்ல. வேகமாக ஓடுகிறவர்கள் வேறு அணிகளிலும் இருந்தார்கள். அவன் காத்திருப்பான். கெவின் என்று பத்தொன்பது வயதுப் பொடியன் ஒருவன் அவனுக்குச் சோடியாக ஓடினான், பயந்த சுபாவம், வளைவென்றால் பின்தங்கிவிடுவான். கிளைவ் முன்னுக்குப் போய்விட்டால், தனியே வென்றுவிட்டுப் போகாமல், இரண்டாம் வளைவில் தலையைத் திருப்பிப் பார்ப்பான். கெவின் எங்கே என்று கண்டுபிடித்து, வேகத்தைக் குறைத்து, அவனை உள்பக்கமாக எடுத்துக்கொண்டு, தான் வெளிப்பக்கம் மறித்து ஓடி, பின்னால் வருகிறவர்களுக்கு ஓர் இடுக்குக்கூட விடாமல் இரண்டு பேருமாக முடிவுக் கோட்டைத் தாண்டுவார்கள். அந்தத் தலை திரும்புவதைப் பார்க்கத்தான் நான் போனேன்.

அப்பாவுக்கும் அதுதான் பிடித்தது. அவர் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் தன் ஊர்க் கழகத்தின் கரப்பந்தாட்டக் கப்டனாக இருந்தவர். கப்டன் என்றால் என்ன என்பதில் அவருக்கு அசைக்க முடியாத கொள்கைகள் இருந்தன. கப்டன் தோற்ற அன்றைக்குக் கடைசியாகத்தான் சாப்பிட வேண்டும். கப்டன் கழகம் மாறக்கூடாது. அவருடைய ஊரில் அயலூர்க் கழகத்துக்கு ஒருதரம் ஆடிவிட்டு வந்தவனோடு வருடக்கணக்கில் ஒருவரும் கதைக்கவில்லையாம், அவனுடைய கலியாணத்துக்கும் பாதிச் சனம் போகவில்லையாம். இங்கே ஓட்டக்காரர்கள் வருடத்துக்கு வருடம் அணி மாறுவது வழமை, அது அவர்களுடைய தொழில் என்று ஜோர்ஜ் ஒருமுறை விளக்கினார். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, "உவருக்கு விளங்கேல்லை. கிளைவ் அப்பிடிப்பட்ட பொடியன் இல்லை" என்றார்.

அந்தக் கோடையில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் நடப்பதுபோலவே, வால்தம்ஸ்டோவில் கவுன்சில் பூங்கா ஒன்றை எடுத்து, சிவப்பு இல்லம், நீல இல்லம், பச்சை இல்லம் என்று பிரித்து, ஒவ்வோர் இல்லத்துக்கும் கொட்டில் போட்டுச் சோடித்து, அணிநடை, கரண்டியில் தேசிக்காய் ஓட்டம், சாக்கு ஓட்டம் எல்லாம் வைப்பார்கள். எல்லாவற்றிலும் முக்கியம் பிரதம விருந்தினர். அவர் வந்து விளக்கேற்றி, மாலை வாங்கி, எந்த இல்லத்தின் சோடனை திறம் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். வழக்கமாக ஒரு கணக்காளரோ டொக்டரோ வருவார். இந்த முறை அப்பா பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் எழும்பி, "நான் ஒரு உண்மையான விளையாட்டு வீரனைக் கொண்டுவாறன்" என்று சொல்லிவிட்டார்.

கிளைவ் அப்பாவின் பெற்றோல் நிலையத்துக்குத் தன் வெள்ளை வான் வண்டியில் வந்து போகிறவன். அப்பா கேட்டார். கட்டாயம் வருகிறேன், பிள்ளைகளுக்குக் காட்ட மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று அவன் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். கார்க் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எனக்குக் கட்டைவிரலை உயர்த்தியும் காட்டினான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து நித்திரை கொள்ளாமல், காட்போட் பெட்டிகளை வெட்டி ஒட்டி, சிவப்பு இல்லத்துக்கு ஆளுயர மோட்டார் சைக்கிள் ஒன்று செய்தார். அம்மா சந்தையில் கார்னேஷன் பூ வாங்கி மாலை கட்டி, வாடாமல் பிரிட்ஜில் பால் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்தார். "இஞ்சருங்கோ, அவன் நிச்சயமா வருவானோ?" என்று அம்மா ஒருதரம் கேட்டதற்கு, "கப்டன் சொன்னால் சொன்னதுதான்" என்று அப்பா பதில் சொன்னார்.

அந்த வெள்ளி எங்கள் திடலில் பந்தயம் இருக்கவில்லை. சனிக்கிழமை வெயில் எறித்தது. எல்லாரும் வந்தார்கள், கிளைவ் வரவில்லை. அணிநடைக்கு நின்ற பிள்ளைகள் வெயிலில் நெளிந்தார்கள். அப்பா பூங்கா வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தார், வீதியில் வெள்ளை வான் எது திரும்பினாலும் கையைத் தூக்கினார். நான் மாலைத் தட்டத்தோடு வாசலில் நின்றேன், பிரதம விருந்தினருக்கு மாலை கொடுக்கத் தெரிவான பிள்ளை நான்தான் என்று பட்டுப் பாவாடையும் கட்டியிருந்தேன். கூட்டத்தில் சிரிப்பு மெல்லக் கிளம்பியது. "கப்டன், உங்கட கப்டன் எந்தக் கப்பலில வாறார்?" என்று ஒருவர் அப்பாவைக் கேட்டார். கடைசியில், சும்மா பிள்ளைகளின் ஓட்டம் பார்க்க வந்திருந்த தமிழ்நாட்டு டொக்டர் ஒருவரைப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள். "ஆமா, இதுல என்ன இருக்கு, புள்ளைங்க ஓடணும், அவ்வளவுதானே" என்று அவர் பெரிய மனதோடு கழுத்தை நீட்டினார். நல்ல மனுஷர். அவருக்கு மாலை போட்டபோது எனக்கு அழுகை வந்தது, நாணத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர் என் கன்னத்தைத் தட்டினார்.

வான் வண்டிக்கு ஏதோ நடந்திருக்கும், விழுந்து கையைக் காலை முறித்திருப்பான் என்று அப்பா இரண்டு நாளாகத் தானே அவனுக்காக வாதாடினார். திங்கட்கிழமை ஜோர்ஜ் வேலைக்கு வந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாராம்: கிளைவ் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தென்லண்டன் அணிக்குப் போய்விட்டான். நடுப் பருவத்தில். சனிக்கிழமை அவர்களுக்காக முதல் ஓட்டமும் ஓடிவிட்டான். நாங்கள் வாசலில் நின்ற நேரம் அவன் வேறு அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். இதைக் கேட்ட பிறகும் அம்மா ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. காட்போட் மோட்டார் சைக்கிளைத் தானே மடித்து வெளியே குப்பையோடு வைத்தார்.

அதே கோடையில் தென்லண்டன் அணி எங்கள் திடலுக்கு வந்தது. போகாமல் விடுவோம் என்று நான் நினைத்தேன், அப்பா போவோம் என்றார். அறிவிப்பாளர் கிளைவின் பெயரைச் சொன்னபோது திடலே ஊளையிட்டது. ஜோர்ஜ் வாயில் விரலை வைத்து விசிலடித்துத் துரத்தினார். அப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்களுக்கு இப்போது கெவின்தான் கப்டன், அவர்களுக்குக் கிளைவ். நாணயம் சுண்ட இருவரும் நடுத்திடலுக்கு வந்தபோது கெவின் நிலத்தைப் பார்த்தான், கிளைவ் அவனுடைய தோளில் தட்டினான்.

கடைசி ஓட்டத்தில் இருவரும் மோதினார்கள். புறப்படும் கோட்டில் கட்டிய நாடா மேலே போனதும் மஞ்சள் தலைக்கவசத்தோடு கிளைவ் முன்னுக்குப் பாய்ந்தான், அடுத்து கெவின், அவனுக்குப் பின்னால் கிளைவின் புதிய சோடி, யாரோ ஒரு பொடியன். இரண்டாம் வளைவு வந்தது. கிளைவ் தலையைத் திருப்பிப் பார்த்தான். அது அதே திருப்பம். அதே கழுத்து, அதே நிதானம். அவன் வேகத்தைக் குறைத்தான். கெவினை வேலிப் பக்கமாக ஒதுக்கி, கல்லுத்தூளுக்குள் தள்ளி, அந்தப் புதுப் பொடியனை உள்ளுக்கு எடுத்து, தான் வெளியே மறித்துக்கொண்டு, எங்களுக்குச் செய்த அதே பக்குவத்தோடு, இம்மியும் குறையாமல், அவனைக் கோடு வரை கூட்டிக்கொண்டு போனான். அவன் எங்கள் மேல் வைத்த அன்பு என்று நான் ஒரு கோடை முழுக்க நம்பியது அவனுடைய வேலை. அவன் அதை நன்றாகச் செய்தான், அவ்வளவுதான். அன்றைக்கு அவன் எங்களுக்கு எதிராக ஒழுங்காக ஓடாமல் விட்டிருந்தால் நான் அவனை மன்னித்திருப்பேன்.

பந்தயம் முடிந்ததும் வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குள் சனங்களை விடுவார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே அவனிடம் போனார். அவனுக்கு ஏச்சுக் கிடைக்கப்போகிறது என்று எனக்குள் ஒரு சந்தோஷம். கிளைவ் நிமிர்ந்து பார்த்து, முகம் மலர, அப்பாவின் கையைக் குலுக்கி, பிள்ளைகளின் விளையாட்டு விழா எப்போது, இந்த மாதம்தானே, ஒருக்கால் நினைவுபடுத்தும்படி கேட்டான். நடிப்பில்லை. சுத்தமாக மறந்துபோயிருந்தான். அது முடிந்துவிட்டது, மிகவும் நன்றாக நடந்தது, இன்று நீ நன்றாக ஓடினாய் என்று அப்பா இங்கிலிஷில் சொல்லிவிட்டுத் திரும்பினார். காரில் ஏறிய பிறகு நான், "ஏன் அப்பா ஏசேல்லை?" என்று கேட்டேன். "மறந்தவனை என்னெண்டு ஏசிறது?" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் திடலுக்குப் போகவில்லை.

அப்பாவுக்கு மட்டும் அந்த விளையாட்டுப் போட்டியன்று கிடைத்த பட்டம் நிலைத்துவிட்டது. கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும், "கப்டன் வாறார், இடம் விடுங்கோ" என்று ஆட்கள் சிரிப்பார்கள். நானும் கூடவே நிற்பேன், ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். காலம் போகப் போக, பட்டம் ஏன் வந்தது என்பது சொன்னவர்களுக்கே மறந்து, இப்போது மரியாதைக்குத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று இளம் பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

திடல் தொண்ணூறுகளிலேயே போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது பெட்டி பெட்டியாகக் களஞ்சியங்கள், லொறிகள் பின்பக்கமாக வந்து நிற்கும் சத்தம். ஜோர்ஜ் இல்லை, அம்மா இல்லை. போன மாதம் எங்கள் பகுதி நூலகத்தில் அந்த அணியின் பழைய கப்டன்களின் படங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். நூலகத்துப் பெண் யாரையாவது தெரியுமா என்று கேட்க, அப்பா நோமனைக் காட்டினார், கெவினைக் காட்டினார், அவர்களைப் பற்றி உற்சாகமாகக் கதைத்தார். நடுவில், எங்கள் அணியின் சட்டையோடு, சிவப்புத் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கிளைவ் சிரித்தான். அப்பாவின் விரல் அதைத் தாண்டிப் போனது. நோயும் வயதும் நிறைய அழித்துவிட்டன, இதையும் அழித்துவிட்டதாக்கும் என்று எனக்கு ஓர் ஆறுதல்கூட வந்தது.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் அவருடைய கழுத்துத் துண்டைச் சரிசெய்ய நான் குனிந்தபோது, அப்பா நூலக வாசலைப் பார்த்தபடி சொன்னார்:

"ஒருக்கா வந்து தலையைக் காட்டியிருக்கலாம், என்ன பிள்ளை?"