கையெழுத்துக்கு முன்னால் ஒரு முழுக்கு

இத்தாலியில், பலெர்மோவில் நான் வீட்டுவேலை பார்த்த டொட்டோரே (அங்கே டாக்டரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒரு பல் வைத்தியர். வாரத்தில் ஐந்து நாள் மற்றவர்களின் வாய்க்குள் விளக்குப் பிடித்து எட்டிப் பார்ப்பது அவருக்குப் போதாது. சனி, ஞாயிறுகளில் மலைகளின் வாய்க்குள்ளும் எட்டிப் பார்க்கப் போவார். அதுவும் வெறும் குகை என்றால் மனிதருக்குத் திருப்தி வராது. குகையின் கடைசியில் கூரை சரிந்து தண்ணீருக்குள் இறங்கிவிடும் இடம் ஒன்று இருக்கவேண்டும். அந்தத் தண்ணீருக்குள் முதுகில் காற்றுச் சிலிண்டர்களோடு முழுகி, மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரவேண்டும். அப்போதுதான் திங்கட்கிழமை காலை விசிலடித்துக்கொண்டு கோப்பி குடிப்பார்.

திங்கட்கிழமை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த நாட்களில் பற்றிக்கொண்டு வரும். அந்த நாட்டில் இருக்க எனக்குத் தந்திருந்த அனுமதி, பெர்மெஸோ, முடிய இன்னும் பத்து நாள்தான் இருந்தது. இவர் என்னிடம்தான் வேலை செய்கிறார் என்று முதலாளி கையெழுத்திட்ட கடதாசி ஒன்று இல்லாமல் கெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் அதைப் புதுப்பிக்க மாட்டார்கள். புதுப்பிக்காவிட்டால், கல்யாணம் முடித்து மூன்றே மாதத்தில் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் விட்டுவிட்டு வந்த மனைவியைக் கூப்பிடுவது கனவில்தான். கடதாசியைத் தட்டச்சு செய்து வாங்கி நாலு கிழமையாக டொட்டோரேயின் மேசையில் வைத்தேன். "திங்கட்கிழமை பார்ப்போம்" என்பார். நல்ல மனிதர்தான், ஆனால் கடதாசி என்றால் அவருக்குக் கசாயம். நாலு திங்கட்கிழமையும் வந்து போயின.

அப்போதுதான் அவருடைய குகைக் கூட்டத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். "சாமான் தூக்க வருவாயா?" என்று டொட்டோரே என்னைக் கேட்டார். நான் யோசிக்காமல் தலையாட்டினேன். உதவி செய்தவனுக்குக் கையெழுத்துப் போடாமலா விடுவார்? கணக்குப் பிழைக்காது என்று நினைத்தேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது ஆளாக என் அறைத் தோழனை இழுத்துக்கொண்டு போனேன். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரே அறையில் இருந்தோம். அவன் மன்னார்க்காரன், மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரன், சங்கு குளிக்கிற பரம்பரை. சிலிண்டர்களைக் கண்டதும் அவனுக்கு ஒரே சிரிப்பு.

"என்னடா உது, காஸ் அடுப்பையும் கொண்டே முழுகப் போறார்? என்ரை அப்பு மூக்கைப் பொத்திக்கொண்டெல்லோ இறங்கினவர்."

"நீ உதைத் தூக்கு மச்சான். பேந்து கதைக்கலாம்."

கூட்டத்தின் தலைவி ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. சின்ன உருவம், பெரிய குரல். எங்கள் தலைகளில் ஹெல்மெட்டை வைத்து, அதன் முன்னால் கார்பைட் விளக்கைக் கொளுத்திவிட்டார். குகைக்குள் நுழைந்த முதல் ஐந்து நிமிடத்திலேயே என் விளக்கு நண்பனின் சட்டைக் கொலரைச் சுட்டுவிட்டது. அவன் போட்ட சத்தம் உள்ளே போய், சுற்றிவிட்டு, இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது. அதைக் கேட்டு நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினோம். பிறகு நிறுத்த முடியவில்லை. வயிற்றால் ஊர்ந்தோம், சிரித்தோம். சேற்றில் சறுக்கினோம், சிரித்தோம். ஒரு இடுக்கில் சிலிண்டர் முன்னால் போக மறுக்க, அவன் அதற்குத் தாலாட்டுப் பாடினான். ஆசிரியை திரும்பிப் பார்த்து, "இவர்கள் குடித்திருக்கிறார்களா?" என்று டொட்டோரேயிடம் கேட்டார். வீடு துடைத்து, நாயை நடத்தி, தலை குனிந்து "சி, சிஞ்ஞோரா" சொல்லியே பழகிய இரண்டு பேர் சேறு பூசிக்கொண்டு கத்துவதற்கு ஒரு இடம் கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை முழுவதும் சுமந்து குகையின் கடைசிக் குளத்தடியில் எல்லாவற்றையும் சேர்த்தோம். வெளியே வந்து ஆட்டிடையர் குடிசை ஒன்றில் தங்கினோம். நாங்கள் கொண்டுபோன ரொட்டியையும் சம்பலையும் ஆசிரியை ஆசையோடு வாங்கிச் சாப்பிட்டு, கண்ணில் தண்ணீர் வர, இன்னும் கொஞ்சம் கேட்டார்.

ஞாயிறு காலை மறுபடியும் குளத்தடி. டொட்டோரே கறுப்பு ரப்பர் உடுப்புக்குள் நுழைந்து, தவளைச் செருப்புகளை மாட்டினார். மெல்லிய கயிற்றின் ஒரு நுனியைப் பாறையில் கட்டினார். மற்ற நுனி அவர் கையில் இருந்த உருளையில். அதைப் பிடித்துத்தான் திரும்பி வருவார். நாற்பது நிமிடம் என்றார். ஒன்றரை மணித்தியாலம் கடந்தால் வெளியே ஓடி மீட்புக்காரருக்குச் சொல்லவேண்டும் என்றார் ஆசிரியை, பாடம் ஒப்புவிக்கிற மாதிரி.

என் சட்டைக்குள், நெஞ்சோடு சேர்த்து, சந்தைப் பை ஒன்றில் அந்தக் கடதாசி இருந்தது. காற்சட்டைப் பையில் பேனை. நண்பன் என் விலாவில் இடித்தான்.

"டேய், இப்ப வாங்கடா கையெழுத்தை!"

"இப்பவோ?"

"இப்ப இல்லாமல்? அந்தாள் மேலை வராட்டி ஆரிட்டை வாங்கப் போறாய்? மீனிட்டையோ?"

"உனக்கென்ன விசரே? இறங்கப்போற ஆளிட்டைக் கடதாசியை நீட்டினால், உயில் எழுதித் தாங்கோ எண்டு கேட்ட மாதிரியெல்லோ இருக்கும்! வாய் வைக்கக் கூடாதடா."

அவனுக்கும் அது விளங்கியது. புறப்படுகிறவனைப் பின்னால் கூப்பிடாத ஊர்க்காரர் நாங்கள். டொட்டோரே எங்களைப் பார்த்துக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து வட்டம் காட்டினார். நானும் காட்டினேன். தண்ணீர் அவரை மூடியது. வெளிச்சம் பச்சையாகிக் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போயிற்று.

நாற்பது நிமிடம் வரைக்கும் பகிடி விட்டோம். ஐம்பதாவது நிமிடத்தில் பகிடி தீர்ந்தது. ஆசிரியை மணிக்கூட்டைப் பார்க்காத மாதிரிப் பார்த்தார். நான் பிள்ளையாருக்குப் பதினொரு தேங்காய் நேர்ந்தேன். நண்பன் மடு மாதாவுக்குத் தன் உயரத்தில் மெழுகுதிரி நேர்ந்தான். அவன் கட்டையன், அதனால் நான் தேங்காயை நூற்றொன்றாக்கினேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, பலெர்மோவைக் காக்கிற புனிதை, மலைக்குகைக் கோயில் சாந்துஸ்ஸாவுக்கு வெறுங்காலோடு ஏறி வருகிறோம் என்றோம். பலெர்மோவில் இந்துவென்ன, வேதமென்ன, கஷ்டம் வந்தால் தமிழர் எல்லோரும் ஏறுகிற மலை அது. குகைக்குள்ளேயே குடியிருக்கிறவளுக்குக் குகையின் கஷ்டம் தெரியாதா?

அறுபது நிமிடம். எனக்குள் ஒரு அசிங்கமான கேள்வி வந்து குந்திக்கொண்டது. நீ யாருக்காகக் கும்பிடுகிறாய்? அந்த மனிதருக்காகவா, அவருடைய கையெழுத்துக்காகவா? எவ்வளவு யோசித்தும் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் இன்னும் பலமாகக் கும்பிட்டேன்.

அறுபத்தைந்தாவது நிமிடத்தில், நேருவதற்கு என்னிடம் இனி ஒன்றும் மிச்சமில்லாமல், டொட்டோரேயின் முடியை நேர்ந்துவிட்டேன். அவர் திரும்பி வந்தால் மொட்டை போடுவார் என்று. எங்கள் பக்கத்தில் அது சாதாரணம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் பிள்ளையின் முடியைத்தான் நேர்வாள், பிள்ளையைக் கேட்டுக்கொண்டா நேர்வாள்? ஆனால் இது தினமும் இருபது நிமிடம் கண்ணாடி முன்னால் நின்று சீவப்படுகிற முடி.

"ஆற்றை தலையை ஆரடா நேர்றது?" என்றான் நண்பன், பயத்திலும் சிரிப்பு வந்து.

"தலைக்கு மேலை வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? பேசாமல் கும்பிடு!"

எழுபது. எழுபத்தைந்து. ஆசிரியை எழுந்து தன் தோள்பையைக் கட்டத் தொடங்கினார். அப்போது குளத்தில் ஒரு குமிழி வந்தது. பிறகு நாலு. பிறகு சோறு கொதிக்கிற மாதிரிக் கொதித்து, நடுவில் பச்சை வெளிச்சம் எழும்பி, டொட்டோரேயின் தலை மேலே வந்தது. வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டுக் கத்தினார்:

"மண்டபம்! அந்தப் பக்கம் ஒரு மண்டபம்! தேவாலயம் அளவுக்கு! செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன்!"

அடுத்து நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். ஆசிரியை பாறையில் துள்ளினார். நண்பன் மாதாவை, சாந்துஸ்ஸாவை, வாயில் வந்த எல்லோரையும் கூப்பிட்டான். நான் நெஞ்சளவு தண்ணீரில் நின்று, டொட்டோரேயைச் சிலிண்டர்களோடு கட்டிப்பிடித்து, "வந்திட்டியள், வந்திட்டியள்" என்று தமிழில் அழுதுகொண்டிருந்தேன். எப்போது குதித்தேன் என்று தெரியாது. தண்ணீர் பனிக்கட்டி.

கரையிலிருந்து நண்பன் கூவினான்.

"டேய்! கடதாசி!"

பையை வெளியே எடுத்தேன். உள்ளே நீல மை கலந்த கூழ். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும். சிரிப்புத்தான் வந்தது, அப்படி ஒரு சிரிப்பு. குதிக்கும்போது அது என் நினைவிலேயே இருக்கவில்லை. என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

டொட்டோரேக்கு ஒன்றும் விளங்கவில்லை. கரையில் உட்கார்த்தி, போர்வை போர்த்தி, நண்பன் தன் சந்தை இத்தாலியனில் எல்லாவற்றையும் சொன்னான். முடி விஷயம் வந்ததும் டொட்டோரே இரண்டு கையாலும் தலையைப் பொத்தினார். பிறகு பேரம் பேசி, எங்களோடு வெறுங்காலில் மலையேறுவதாக ஒப்புக்கொண்டார். கடதாசி விஷயம் வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நான் இறங்குவதற்கு முன்னால் ஏன் கேட்கவில்லை?"

 நண்பன்தான் பதில் சொன்னான்.

"கேட்டால், நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள் என்று இவன் நினைத்த மாதிரி ஆகிவிடுமே டொட்டோரே."

அவர் ஆசிரியையிடம் கையை நீட்டினார். குகையின் வரைபடம் கீறுகிற கொப்பி ஒன்று ஆசிரியையிடம் இருந்தது, தண்ணீரில் நனையாத தாள். நான் அவசரமாக, "டொட்டோரே, நாளைக்கு எழுதலாம், திங்கட்கிழமை" என்றேன்.

"இப்போதே," என்றார். பற்கள் தாளம் போட்டன. அந்தத் தாள் எந்தக் கெஸ்தூராவிலும் செல்லாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுநாள் காலை ஒழுங்காகத் தட்டச்சு செய்தும் தந்தார். ஆனாலும் அங்கே, அந்தச் சேற்றில் இருந்து, பென்சிலைப் பிடித்து எழுதத் தொடங்கினார். இரண்டாவது வரியில் பென்சில் நின்றுவிட்டது.

நான் வேலைக்கு வந்த முதல் நாளே, என் பெயர் வாயில் நுழையவில்லை என்று அந்த வீட்டில் எனக்கு ஒரு இத்தாலியப் பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு வருடமாக அதற்குத்தான் திரும்பிப் பார்த்து வந்தேன்.

அவர் நிமிர்ந்தார். காதுவரை சிவந்திருந்தார். "உன் பெயர் என்ன?" என்று கேட்டார்.

தகப்பன் பெயரையும் சேர்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். ஒரு வரியில் அடங்காமல் அடுத்த வரிக்கும் போயிற்று. எழுதி முடித்து, விளக்கைக் கிட்டப் பிடிக்கச் சொல்லி, உரக்க வாசித்தார். பிழை. திருத்தினேன். மறுபடியும் வாசித்தார், மறுபடியும் பிழை. மூன்றாம் தரம் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.